வாழையடி வாழையாக வரும் நோய்கள்

(வாழை சாகுபடி பற்றிய உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



"வாழை வாழவும் வைக்கும், தாழவும் வைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காற்றையும் விலையையும் மனத்தில் வைத்துச் சொன்ன சொல் அது. குலை தள்ளிய தோட்டம் ஒரே இரவுக் காற்றில் படுத்துவிடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தார் விலை சரிந்து, வெட்டுக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் போனதையும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால், காற்றடித்த நிலத்தில் அடுத்த ஆண்டு மறுபடியும் வாழை வைக்கலாம். விலை விழுந்த ஆண்டுக்குப் பின் விலை ஏறும் ஆண்டும் வரும். இன்று நான் பேசப் போவது, ஒருமுறை நிலத்திற்குள் நுழைந்துவிட்டால் பல்லாண்டுக் காலம் வெளியேறாத ஒரு பகையைப் பற்றி. அதுதான் வாடல் நோய். அதனோடு முடிக்கொத்து நோய், இலைப்புள்ளி நோய் ஆகியவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாழைக்கு மட்டும் ஏன் இந்த ஆபத்து?

திருமண வீட்டு வாசலில் குலையோடு வாழை மரம் கட்டுகிறோம். மணமக்களை "வாழையடி வாழையாக வாழ்க" என்று வாழ்த்துகிறோம். தாய் மரம் சாயுமுன்னே அதன் அடியில் கன்று நிற்கிறது. கன்று மரமாகிக் குலை தள்ளும்போது அதன் அடியில் இன்னொரு கன்று நிற்கிறது. இந்தச் சிறப்பைக் கண்டுதான் நம் முன்னோர் அப்படி வாழ்த்தினார்கள்.

இந்தச் சிறப்பிலேயே வாழையின் பலவீனமும் இருக்கிறது. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லை. தாய் மரத்தின் கிழங்கிலிருந்து வரும் கன்று, குணத்தில் தாய் மரமேதான். உங்கள் தோட்டத்தில் ஆயிரம் ரஸ்தாளி நின்றால், அவை ஆயிரம் மரங்கள் அல்ல. ஒரே மரம் ஆயிரம் இடத்தில் நிற்கிறது என்று கொள்ளுங்கள். விதை மூலம் பெருகும் பயிர்களில் தலைமுறைக்குத் தலைமுறை சிறு சிறு வேறுபாடுகள் தோன்றும். நோய் வந்தால் சில செடிகளாவது தப்பும். தப்பியவற்றிலிருந்து விதை எடுக்கலாம். வாழையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒன்றை வீழ்த்தும் நோய் ஆயிரத்தையும் வீழ்த்தும். தாயிடம் இருக்கும் நோய் கன்றுக்கும் வரும். அதாவது, நோயும் வாழையடி வாழையாக வருகிறது.

அயல்நாட்டில் நடந்த பாடம்

வாடல் நோயை முதன்முதலில் 1876-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பான்கிராஃப்ட் என்னும் மருத்துவர் குறித்து வைத்தார். பிறகு மத்திய அமெரிக்காவில் பனாமா நாட்டுத் தோட்டங்களில் இது பெருஞ்சேதம் விளைவித்ததால் 'பனாமா வாடல் நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியான வாழை ஒரே இரகம்தான். 'குரோ மிஷேல்' என்று அதற்குப் பெயர். பெரிய தார், தடித்த தோல், எளிதில் அடிபடாத பழம். தாரைத் தாராகவே கப்பலில் ஏற்றலாம். வாணிபத்திற்கு இதைவிட நல்ல இரகம் இல்லை என்று எண்ணி, பெரிய நிறுவனங்கள் பல்லாயிரம் ஏக்கரில் இதை மட்டுமே நட்டன. வாடல் நோய் பரவியதும், நோய் கண்ட நிலத்தைக் கைவிட்டுப் புதிய காட்டை அழித்து வாழை நட்டார்கள். கன்றோடும் மண்ணோடும் நோயும் அங்கே போயிற்று. நிலத்தைச் சுற்றிக் கரை கட்டிப் பல மாதம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார்கள். சிறிது காலம் பலன் தெரிந்தது. பின்னர் நோய் திரும்பிற்று. 1960-ஆம் ஆண்டுகளில் குரோ மிஷேல் வாணிபமே ஏறக்குறைய முடிந்து போயிற்று.

அதன் இடத்திற்கு வந்தது கேவண்டிஷ் இனம். நம் ஊரில் பச்சை வாழை, ரொபஸ்டா, கிராண்ட் நைன் என்கிறோமே, அவையெல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. 'ஜி-9' என்று நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குவதும் இதுதான். குரோ மிஷேல் செத்த அதே மண்ணில் கேவண்டிஷ் வாடாமல் வளர்ந்தது. இதன் தோல் மென்மையானது. ஆகவே தாராக ஏற்றாமல் சீப்பு சீப்பாகப் பிரித்து அட்டைப் பெட்டியில் அடுக்கி அனுப்பப் பழகினார்கள். ஆபத்து தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் செய்த தவறு என்ன? ஓர் இரகத்தை மட்டும் நம்பியது. அதைத் திருத்தினார்களா? இல்லை. குரோ மிஷேல் இருந்த இடத்தில் கேவண்டிஷ் வந்தது, அவ்வளவுதான்.

பகைவனின் புதிய படை

வாடல் நோயை உண்டாக்குவது ஃபுசேரியம் என்னும் பூசணம். இது மண்ணில் வாழ்வது. இதில் பல பிரிவுகள் உண்டு. முதல் பிரிவு குரோ மிஷேலை அழித்தது. நம் நாட்டில் ரஸ்தாளி, கற்பூரவள்ளி, நெய் பூவன் முதலிய இரகங்களை வாட்டுவதும் இதுவே. பூவன் இதைத் தாங்கி நிற்கும். பச்சை வாழையும் ரொபஸ்டாவும் பொதுவாகத் தாங்கக் கூடியவை.

நான்காவது பிரிவில் ஒரு வகை உண்டு. வெப்ப மண்டல நான்காம் பிரிவு என்று விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள். இது கேவண்டிஷ் இனத்தையே வீழ்த்துகிறது. முதல் பிரிவுக்கு இலக்காகும் இரகங்களையும் விட்டு வைப்பதில்லை. தைவான் தீவில் கேவண்டிஷ் வாழை வாடத் தொடங்கியது 1967-ஆம் ஆண்டில். 1990-ஆம் ஆண்டுகளில் மலேசியா, இந்தோனேசியத் தோட்டங்களில் இந்நோய் பெருகிற்று. 1997-ல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும், 2013-ல் ஜோர்டான், மொசாம்பிக் நாடுகளிலும் இருப்பது தெரிந்தது. 2019-ல் கொலம்பியாவிலும் 2021-ல் பெருவிலும் உறுதியானபோது தென் அமெரிக்காவும் இதற்குள் அகப்பட்டது.

நம் நாட்டிற்கும் இது வந்துவிட்டது. பீகார் மாநிலத்தில் கத்திஹார், பூர்ணியா மாவட்டங்களிலும், உத்தரப் பிரதேசத்தில் பைசாபாத் பகுதியிலும் இந்தப் பிரிவு இருப்பதை நம் நாட்டு விஞ்ஞானிகள் 2019-ல் ஆய்வுக் கட்டுரைகள் வாயிலாக உறுதி செய்தார்கள். பீகார் எங்கோ இருக்கிறது என்று எண்ண வேண்டாம். லாரிகள் இரண்டு மூன்று நாளில் கடக்கும் தூரம் அது. மேலும், நம் தேனி மாவட்டத்தில் கேவண்டிஷ் வாழையில் வாடல் நோய் கண்டதைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் 2010-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். அங்கே கண்டது முதல் பிரிவுதான். ஆயினும் வீரியம் கூடிய வகை. 'ஜி-9 வாழைக்கு வாடல் வராது' என்ற நம்பிக்கையை நாம் விட்டுவிட வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மாமன் வீட்டுக் கன்று

ஒருமுறை காவிரிக் கரையில் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். முக்கால் ஏக்கர் ரஸ்தாளி. ஆறாம் மாதம். பாதி மரங்கள் மஞ்சளித்து நின்றன. "தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை பாய்ச்சிப் பார்த்தேன் ஐயா. யூரியாவும் வைத்தேன். கேட்கவில்லை" என்றார் அந்த உழவர். ஒரு மரத்தின் கிழங்கை வெட்டிக் காட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்பு நிறப் புள்ளிகளும் கோடுகளும் ஓடியிருந்தன. "கன்று எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "வாங்கவில்லை ஐயா. என் மாமன் தோட்டத்துக் கன்று. ஒரு காசு வாங்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பினார்" என்றார். மாமன் தோட்டத்தில் அந்த ஆண்டு நாலைந்து மரங்கள் வாடியிருந்தன என்பது பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. நாலைந்து மரம்தானே என்று அவரும் பொருட்படுத்தவில்லை.

அந்த மாமன் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். கன்றுக்கு விலை பேசுவது உறவுக்குள் வழக்கமும் இல்லை. ஆனால் அந்தக் கன்றுக்கு மருமகன் கொடுத்த விலை பெரிது. அந்த முக்கால் ஏக்கரில் மீண்டும் ரஸ்தாளி வைக்க அவருக்கு மனம் துணியவில்லை. வாடல் பூசணம் கனத்த சுவருள்ள வித்துக்களாக மாறி, வாழையே இல்லாத நிலத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஆகையால் உறவினர் கன்று கொடுத்தாலும், "எங்கள் ஊரில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், கோபிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் தாய்த் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஒன்றிரண்டு கிழங்குகளைச் சீவிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

அறிகுறிகள்

நட்ட ஐந்தாறு மாதத்தில் நோய் பெரும்பாலும் வெளிப்படும். முதலில் அடி இலைகள் ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி மஞ்சளாகும். பிறகு இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒடிந்து, இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கும். தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிப்பதும் உண்டு. கிழங்கையும் தண்டையும் குறுக்கே வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும்.

கிழங்கு அழுகல் நோயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அழுகல் நோயில் கிழங்கு கொழகொழவென்று ஆகித் துர்நாற்றம் வீசும். மரத்தை இழுத்தால் கிழங்கு நிலத்தில் தங்கித் தண்டு மட்டும் கையோடு வரும். வாடல் நோயில் நாற்றம் இராது. தண்ணீர்ப் பற்றாக்குறையால் வாடிய மரம் நீர் பாய்ச்சினால் தேறும், இது தேறாது. உரம் வைத்தாலும் தேறாது. பூசணம் வேர் வழியே புகுந்து நீர் ஏறும் குழாய்களையே அடைத்துவிடுகிறது. ஆகவே நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்றும் மருந்து எதுவும் இல்லை. அப்படி ஒரு மருந்து இருப்பதாகச் சொல்லி யாராவது பாட்டிலை நீட்டினால் பணத்தை வீணாக்காதீர்கள்.

எப்படிப் பரவுகிறது?

பெரும்பாலும் மூன்று வழிகள். முதலாவது கன்று. நோய் பற்றிய கன்று பார்வைக்கு நல்ல கன்று போலவே இருக்கும். இரண்டாவது மண். மண்வெட்டி, கடப்பாரை, டிராக்டர் சக்கரம், மாட்டின் குளம்பு, நம் கால் செருப்பு ஆகியவற்றில் ஒட்டும் ஒரு பிடி மண் போதும். மூன்றாவது தண்ணீர். நோய் கண்ட தோட்டத்தில் பாய்ந்து வடிந்த நீர் அடுத்த தோட்டத்திற்குப் போகும்போது நோயையும் கொண்டு போகிறது. வாடிய மரத்தை வெட்டி வாய்க்காலில் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் தங்களுக்குக் கீழே இருக்கும் அத்தனை தோட்டங்களுக்கும் நோயை அனுப்பி வைக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நோய் இல்லாத தோட்டத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றுகளைத் தேர்ந்தெடுங்கள். வேர்களையும் கிழங்கின் மேல்தோலையும் சீவிவிடுங்கள். சீவிய இடத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தக் கன்றை எரித்துவிடுங்கள்.

2. திசு வளர்ப்புக் கன்று வாங்குவோர், நச்சுயிரிச் சோதனை செய்து சான்று பெற்ற கன்றுதானா என்று கேட்டு வாங்குங்கள். திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வரும். ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி அதற்குத் தனியாக இல்லை. நோய் உள்ள மண்ணில் நட்டால் அதுவும் வாடும்.

3. ஏக்கருக்கு 1 கிலோ ட்ரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸ் கலவையை, நன்கு மக்கிய 20 கிலோ தொழு உரத்துடன் கலந்து வேர்ப்பகுதியில் இடுங்கள். இவை வரும் முன் காக்கும் காவலாளிகள். வந்த பின் தீர்க்கும் வைத்தியர்கள் அல்ல. குழிக்கு 10 கிலோ தொழு உரமும் 250 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் இட்டால், வேரைத் துளைத்து நோய்க்கு வழி திறக்கும் நூற்புழுக்களும் குறையும்.

4. வடிகால் வசதி செய்யுங்கள். நோய் கண்ட தோட்டத்தில் மறுதாம்பு விடாதீர்கள். நஞ்சையானால் ஒன்றிரண்டு பருவம் நெல் பயிரிடுங்கள். நீர் நிற்கும் நெல் வயலில் பூசணத்தின் வலிமை குறையும். தைவானிலும் இம்முறை பலனளித்தது. முற்றிலும் அழிந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

5. ரஸ்தாளி, கற்பூரவள்ளி போன்ற இரகங்களில் ஒரு மரம் வாடினால், கிழங்கோடு தோண்டி எடுத்து அங்கேயே எரித்து, குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இடுங்கள். பயன்படுத்திய கருவிகளையும் செருப்பையும் கழுவிய பிறகே வேறிடம் செல்லுங்கள்.

6. பச்சை வாழை, ரொபஸ்டா, கிராண்ட் நைன் இவற்றில் வாடல் தெரிந்தால் தோண்டாதீர்கள். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆள், மாடு போகாமல் தடுத்து, அந்தப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, உடனே தோட்டக்கலை அலுவலருக்குச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும்.

இந்த ஆறாவது குறிப்பில்தான் சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "அதிகாரியிடம் சொன்னால் என் தோட்டத்துக் காயை வியாபாரி வாங்குவானா? குத்தகைக்கு நிலம் கொடுத்தவர் அடுத்த ஆண்டு கொடுப்பாரா?" என்று நீங்கள் நினைப்பது நியாயமே. ஒன்று சொல்கிறேன். வாடல் கண்ட மரம் மறைத்தாலும் சாகும். சொன்னால் சாவது ஒரு மூலை. மறைத்தால் சாவது ஓர் ஆயக்கட்டு.

முடிக்கொத்து நோய்: ஊர் கூடி வென்ற கதை

முடிக்கொத்து நோய் நச்சுயிரியால் வருவது. இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்புறத்திலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். இளமையில் தாக்கப்பட்ட மரம் குலை தள்ளாது. இதைப் பரப்புவது கருநிற வாழை அசுவினி. இலையடி மடிப்பிலும் தண்டின் அடியிலும் கூட்டமாக இருக்கும். எறும்பு ஊர்ந்தால் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள்.

1889-ல் பிஜித் தீவில் குறிக்கப்பட்ட இந்நோய், 1913-க்குள் ஆஸ்திரேலியாவையும் இலங்கையையும் அடைந்தது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளப் பகுதிக்கு வந்தது. நம் கீழ்ப் பழனி மலையில் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர் பெற்ற விருப்பாட்சி வாழையின் பெரும் பரப்பு இந்நோயால் அழிந்தது. முருகனுக்குப் படைக்கும் பழமே அரிதாகிவிடுமோ என்ற நிலை வந்தபோதுதான் அதன் அருமை பலருக்கும் தெரிந்தது. நச்சுயிரி அற்ற கன்றுகளைக் கொண்டு அந்த இரகத்தை மீட்கும் பணி பின்னர் நடந்தது.

ஆஸ்திரேலியாவிலும் 1920-ஆம் ஆண்டுகளில் வாழைத் தொழில் அழியும் நிலைக்கு வந்தது. மகீ என்னும் விஞ்ஞானி, அசுவினிதான் இதைப் பரப்புகிறது என்று கண்டுபிடித்தார். அதன்பின் அங்கு மருந்தை நம்பவில்லை. அனுமதியின்றிக் கன்று நடக் கூடாது, தோட்டங்களைத் தவறாமல் பார்வையிட வேண்டும், நோய்ச் செடியை உடனே அழிக்க வேண்டும் என்று சட்டம் செய்து, எல்லோரும் கடைப்பிடித்தார்கள். தொழில் மீண்டது. நோய்ச் செடியை அழிக்குமுன் அசுவினியைக் கொல்லப் பூச்சிமருந்து தெளித்துவிட வேண்டும்; இல்லையேல் செடியை அசைத்ததும் அசுவினிகள் பக்கத்து மரத்திற்குப் போய்விடும். பிறகு கிழங்கோடு தோண்டித் துண்டு துண்டாக வெட்டி அழியுங்கள்.

இலைப்புள்ளி நோய்

சிகடோகா என்னும் இலைப்புள்ளி நோய் பிஜித் தீவில் ஒரு பள்ளத்தாக்கின் பெயரைப் பெற்றது. மரத்தைக் கொல்லாது, இலையைக் கருக்கித் தாரின் எடையைக் குறைக்கும். காயும் முன்னதாகவே பழுத்துவிடும். நெருக்கி நடாமல், களையும் தேவையற்ற பக்கக் கன்றும் நீக்கி, கருகிய இலைகளை அறுத்து எரித்து, மழைக்காலத்தில் அலுவலர் பரிந்துரைக்கும் பூசணக் கொல்லியைத் தெளித்தால் கட்டுப்படுத்தலாம்.

எதிர்கால நம்பிக்கை

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தைவானில் திசு வளர்ப்பின்போது தோன்றிய மாறுபாடுகளிலிருந்து 'ஃபார்மோசானா' என்னும் வாடலைத் தாங்கும் கேவண்டிஷ் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் மரபணு மாற்றம் செய்த ஒரு கேவண்டிஷ் வாழைக்கு 2024-ல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலும் ட்ரைக்கோடெர்மாவைக் கொண்டு 'ஃபுசிகான்ட்' என்னும் உயிரியல் மருந்தை உருவாக்கி வட மாநிலங்களில் பயன்படுத்தி வருகிறார்கள்.

ஆனால் உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு செல்வம் இருக்கிறது. பூவன், மொந்தன், நேந்திரன், செவ்வாழை, மட்டி, பேயன், கற்பூரவள்ளி என்று இத்தனை இரகங்களை வைத்திருக்கும் ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. ஒரே நோய் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வீழ்த்த முடியாது. விலை வருகிறது என்று நிலம் முழுவதும் ஒரே இரகம் வைக்காதீர்கள். வரப்போரத்திலாவது இரண்டு மூன்று இரகங்கள் நிற்கட்டும். கொல்லைப்புறத்தில் உங்கள் பாட்டி வைத்த வாழையை, சந்தையில் போகாது என்பதற்காக வெட்டி எறியாதீர்கள். நாளைக்கு ஆராய்ச்சியாளர் தேடி வரும் குணம் அதில் இருக்கக் கூடும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இன்று ஊருக்குத் திரும்பியதும் வாழை வைத்திருப்போர் பத்துப் பேர் ஒன்று கூடுங்கள். வெளியூர்க் கன்றைப் பார்க்காமல் இறக்குவதில்லை. வாடிய மரத்தை வாய்க்காலில் போடுவதில்லை. நோய் கண்டவர் மறைப்பதில்லை. சொன்னவரை யாரும் ஒதுக்குவதில்லை. இந்த நாலு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பணச் செலவு இல்லை. வாழ்த்தும்போது நாம் சொல்லும் அந்தச் சொல், நம் பிள்ளைகளின் தோட்டத்திலும் பொருளோடு விளங்கட்டும்.